வண்டிக்கு அடியில் தொங்கிய சக்கரம்

மரக்கடைக்கு எதிரே இருந்த வண்டி ஸ்டாண்டில் அவருக்கு ஸ்டெப்னி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்சில் மட்டும் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலமானால் மற்ற டிரைவர்கள் டீக்கடை பெஞ்சில் சாய்ந்துகொண்டு வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் தன் பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, தலையையும் தோளையும் வண்டிக்கு அடியில் நுழைத்துக்கொள்வார். கால்கள் இரண்டும் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டெப்னியில், அதாவது மாற்றுச் சக்கரத்தில், காற்று இருக்கிறதா என்று பார்ப்பார்.

"என்னண்ணே, உசுரோட இருக்கா?" என்று பெஞ்சிலிருந்து குரல் வரும்.

"இருக்கு, இருக்கு. உன் வண்டியில கிடக்கறதத்தான் எப்ப எடுத்து அடக்கம் பண்ணப்போறியோ தெரியல" என்று வண்டிக்கு அடியிலிருந்து பதில் வரும்.

ஒரு தடவை பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் சும்மா இருக்க மாட்டாமல் வாயைக் கொடுத்தார். "கட்டிக்குடுத்த பொண்ணக்கூட எவனும் இப்படி வாரா வாரம் போய்ப் பாக்க மாட்டான்யா." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் வால்வு மூடி கையிலிருந்து நழுவி உருண்டுவிட்டது. அதைத் தேடுகிற சாக்கில் வெகுநேரம் வண்டிக்கு அடியிலேயே இருந்தார். கட்டிக்கொடுத்த பெண் அவருக்கு இருந்தாள். வாரா வாரம் பார்ப்பது இருக்கட்டும், கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

பிக்கப் வண்டியில் ஸ்டெப்னி கண்ணில் படுகிற இடத்தில் இருக்காது. சரக்குத் தட்டுக்கு அடியில் ஓர் இரும்புக் கயிற்றில் தொங்கும். பின்னால் நம்பர் பிளேட்டுக்கு மேலே ஓர் ஓட்டை உண்டு. அதற்குள் நீளக் கம்பியை விட்டுச் சுற்றினால், மேலே உருளையில் சுற்றிக் கிடக்கிற கயிறு அவிழ்ந்து, கிணற்றில் வாளி இறங்குவது மாதிரி சக்கரம் நிதானமாகத் தரைக்கு வரும். வண்டி செய்தவர்கள் மாட்டிக் கொடுத்தபடி விட்டால் காற்று அடிக்கிற வால்வு மேலே பார்த்திருக்கும். காற்றுப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் சக்கரத்தை இறக்கி, பார்த்து, மறுபடி ஏற்ற வேண்டும். எவனுக்குப் பொறுமை இருக்கிறது? அதனால்தான் பாதி வண்டிகளில் ஸ்டெப்னி பெயருக்குத் தொங்குகிறது.

அவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வண்டி வாங்கிய புதிதிலேயே சக்கரத்தை இறக்கி, புரட்டிப் போட்டு மாட்டிவிட்டார். வால்வு இப்போது தரையைப் பார்த்தது. இறக்க வேண்டாம், ஏற்ற வேண்டாம். கையை நீட்டி மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தால் முடிந்தது சங்கதி. கம்பெனிக்காரனுக்குத் தோணாதது நமக்குத் தோணியிருக்கு பாரு என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

இந்தக் காற்றுப் பைத்தியம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல.

மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் அப்போது முதலாளி ஒருவரின் லாரியில் நெடுந்தூர லைன் ஓட்டிக்கொண்டிருந்தார். பச்சைப் பிள்ளையைக் கேபினில் உட்கார வைத்து ஊர் ஊராகச் சுற்ற முடியுமா? மனைவியின் தங்கை வந்து கூட்டிக்கொண்டு போனாள். சித்தி வீடே வீடாயிற்று. அப்பா என்பவர் லோடு அந்தப் பக்கம் கிடைக்கும்போது மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து, கால் மணி நேரம் உட்கார்ந்து, வெளியே நிற்கிற லாரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிற ஆளானார்.

அந்தப் பெண்தான் இரண்டு குடும்பத்திலும் முதலில் பட்டம் வாங்கியவள். பட்டமளிப்பு அன்றைக்கு எப்படியும் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். சரக்கை இறக்கிவிட்டு அப்படியே லாரியோடு வந்தார். வழியில் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, அதில் காற்று இல்லை. கடையைத் தேடிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் வந்து சேர்ந்தபோது, மண்டபத்தில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாடகை அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகள் வாசலில் நின்றாள். "பரவாயில்லப்பா" என்றாள். அன்றைக்கு எடுத்த படத்தில் அவள் பக்கத்தில் நிற்பது சித்தப்பா. அந்தப் படத்தைத்தான் இவரும் அறையில் மாட்டியிருந்தார். வேறு படம் இல்லை.

அறை பேட்டரி கடைக்கு மேலே இருந்தது. ஒரு கட்டில், சட்டைகள் தொங்குகிற ஒரு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே கடை முகப்பின் தகரக் கூரை. இரண்டு டம்ளர்களில் ஒன்று எப்போதும் கவிழ்த்தே இருந்தது. லோடு இல்லாத நாளில், காலையில் டீக்கடையில் "ஒரு டீ" என்று சொன்னதற்கு அப்புறம் சாயங்காலம்வரை வாயைத் திறக்க வேலையே இருக்காது. திடீரென்று யாராவது கூப்பிட்டால் தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டுதான் பேச வேண்டியிருந்தது.

அப்படி ஒரு நாள்தான் மகள் போன் செய்தாள்.

"அப்பா, வேலையா இருக்கீங்களா?"

"இல்ல பாப்பா, சொல்லு. உடம்பு கிடம்பு..."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீடு மாத்தறோம்ப்பா. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள இந்த வீட்டக் காலி பண்ணிக் குடுத்துறணும். அடுத்து வர்றவங்க சாமானோட வந்து நிப்பாங்க. சித்தப்பா இங்கயே ஒரு வண்டி பேசறேன்னாரு. நான்தான், எங்கப்பாகிட்ட வண்டி இருக்கும்போது வெளி வண்டி எதுக்குன்னு கேட்டேன்."

அவர் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் அறைக்குள்ளேயே நின்றார். "அதானே? எதுக்கு வெளி வண்டி? காலையிலேயே வாசல்ல வந்து நிக்கறேன் பாரு" என்றார்.

மகள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட எல்லாம் பேசி முடித்த பிறகுதான் சொன்னார்கள். இப்போது அவளே வாயைத் திறந்து ஒன்று கேட்டிருக்கிறாள். அதுவும் அவருக்குக் கைவந்த வேலை. இந்த ஒன்றை மட்டும் நேரத்துக்குப் போய் ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட்டால் போதும் என்றிருந்தது.

அந்த வாரம் முழுக்க அவர் கால் தரையில் பாவவில்லை. சரக்குத் தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். பீரோவில் கீறல் விழாமல் இருக்கப் பழைய போர்வைகளைச் சேகரித்து, துவைத்து, கூரையில் காயப்போட்டார். புதுக் கயிறு வாங்கினார். தார்ப்பாயின் கிழிசலைத் தைத்தார். சனிக்கிழமை சாக்கை விரித்துப் படுத்தபோது பெஞ்சிலிருந்து, "என்னண்ணே, மாப்பிள்ளை அழைப்பா?" என்று கேட்டார்கள்.

"பொண்ணு கூப்பிட்டிருக்கு. வீடு மாத்துது" என்றார். மீட்டர் முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது.

விடிகிற நேரத்துக்குக் கிளம்பினார். சாலை காலியாக இருந்தது. ஊர்கள் பின்னால் போய், இரண்டு பக்கமும் உழுது போட்ட நிலம் மட்டும் விரிந்து கிடந்த இடத்தில், வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தார். பின்சக்கரம் சப்பிப்போய்க் கிடந்தது. ஆணி ஒன்று தலைவரை இறங்கியிருந்தது.

வேறு டிரைவராக இருந்தால் வாயில் நல்ல வார்த்தை வந்திருக்காது. அவருக்குக் கோபமே வரவில்லை. நேரம் தாராளமாக இருந்தது. முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தார், நட்டுகளைத் தளர்த்தினார், ஜாக்கி போட்டுத் தூக்கினார், அச்சுக்கு அடியில் மரக்கட்டையையும் முட்டுக் கொடுத்தார். நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து, "வா ராசா, உனக்கும் ஒரு நாள் வந்துச்சா" என்று வண்டிக்கு அடியில் பார்த்துச் சொன்னார்.

கம்பியை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றினார். சுற்றவில்லை. எதிர்ப்பக்கம் சுற்றிப் பார்த்தார். அசைந்து கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினார். உள்ளே எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் கம்பி வெண்ணெய் மாதிரி சுற்றியது. சக்கரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கீழே படுத்துப் பார்த்தார். உருளையில் சுற்றியிருந்த கயிறு எது, துரு எது, மண் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தது. சுத்தியலால் தட்டினார். சக்கரத்தைப் பிடித்துத் தொங்கினார். உதைத்தார். பழக்கதோஷத்தில் கை சட்டைப் பைக்குப் போய் மீட்டரை எடுத்தது. வால்வில் வைத்தார். காற்று கன கச்சிதமாக இருந்தது.

சக்கரத்தைப் புரட்டி மாட்டிய நாளுக்கு அப்புறம் அவர் அதை ஒரு தடவைகூட இறக்கவில்லை. இறக்காமல் இருக்கத்தானே புரட்டியதே.

போகிற வண்டிகளுக்குக் கை காட்டினார். கார்கள் நிற்கவில்லை. கடைசியில் ஒரு டிராக்டர் ஓரம் கட்டியது. ஓட்டி வந்தவர் குனிந்து பார்த்தார்.

"காத்து இல்லியாண்ணே?"

"காத்து ஊருக்கே குடுக்கலாம். இறங்கத்தான் மாட்டேங்குது."

டிராக்டர்காரர் கையை விட்டு ஒரு அமுக்கு அமுக்கினார். "அடேங்கப்பா, கல்லு மாதிரி வச்சிருக்கீங்க. கல்லு மாதிரியே உக்காந்திருச்சு." கயிற்றை விரலால் சுரண்டினார். "கடைசியா எப்பண்ணே இறக்குனீங்க?"

அவர் மீட்டரைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டிராக்டர்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. "இது தட்டுனா வராது. அறுக்கணும். வீட்ல ஆக்ஸா பிளேடு இருக்கு. கொஞ்சம் உள்ள போகணும். இங்கயே இருங்க" என்றார்.

"வேற எங்கப்பா போவேன்?"

டிராக்டர் சத்தம் தேய்ந்து மறைந்ததும் சாலையில் ஒன்றுமில்லை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. சொல்லாமல் கடைசி நிமிஷத்தில் கையை விரிக்கிற ஆள் என்ற பெயர் இனியும் வேண்டாம் என்று போனை எடுத்தார்.

"பாப்பா... வழியில பஞ்சர் ஆயிருச்சு. ஸ்டெப்னி இருக்கு, காத்தும் இருக்கு. கயிறு துருப்பிடிச்சு, இறங்க மாட்டேங்குது. ஒருத்தர் ரம்பம் கொண்டாரப் போயிருக்காரு. வந்துருவேன், கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும்."



"பரவாயில்லப்பா."

அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. சங்கிலி கலகலவென்று அவிழ்ந்து, தகரக் கதவு மடேரென்று விழுகிற சத்தம். வாழ்நாளெல்லாம் கேட்ட சத்தம். லாரியின் பின்கதவைத் திறக்கிறார்கள்.

"வண்டி வந்திருச்சா?" என்று கேட்டார்.

"அது... சித்தப்பா, எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு வண்டி சொல்லி வச்சிருந்தாரு. இப்பத்தான் வந்துச்சு."

நேரத்தைப் பார்த்தார். பஞ்சர் ஆகாமல் இருந்தாலும் இப்போதுதான் அந்த ஊர் எல்லையில் நுழைந்திருப்பார். அவர் தாமதமாவதற்கு முன்னாலேயே அந்த வண்டி கிளம்பியிருக்கிறது. அதைச் சொல்லிக் காட்ட வாய் வரவில்லை. சொல்லிக் காட்டுகிற இடத்தில் அவர் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

"பாப்பா, போனை அந்த டிரைவர்கிட்டக் குடு."

"எதுக்குப்பா?"

"குடு, சொல்றேன்."

"யாருங்க?" என்றது ஓர் இளவட்டக் குரல்.

"நானும் வண்டிக்காரன்தான் தம்பி. பீரோவப் படுக்கப் போடாதீங்க. கதவைச் சுத்திக் கயிறு கட்டிட்டு, கேபின் முதுகோட ஒட்டி நிப்பாட்டுங்க. பிரிட்ஜையும் நிமுத்தியே வைங்க. கண்ணாடி இருந்தா ரெண்டு மெத்தைக்கு நடுவுல."

"இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதாங்க? நாங்களும் இதே பொழப்புத்தான்."

"தெரியும் தம்பி. உங்களுக்குத் தெரியாம இல்ல. எம் பொண்ணு சாமான், அதான்."

குரல் கொஞ்சம் இறங்கியது. "சரிங்கய்யா. நம்ம வீட்டு சாமான் மாதிரி பாத்துக்கறேன்."

டிராக்டர்காரர் வந்தார். இருவரும் மாறி மாறிப் படுத்து அறுத்தார்கள். இரும்பு இழைகள் ஒவ்வொன்றாக விட்டன. கடைசி இழை விட்டதும் கீழே மடித்துப் போட்டிருந்த சாக்கின்மேல் சக்கரம் தொப்பென்று விழுந்து, ஒரு குதி குதித்து நின்றது. "வண்டிய எடுத்துக்கிட்டு எங்கண்ணே போறீங்க?" என்று டிராக்டர்காரர் கேட்டார். பொண்ணு வீடு மாறுவதைச் சொன்னார். "அப்ப வெரசாப் போங்க, காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார் அவர்.

சக்கரத்தை மாட்டினார். திரும்பிப் போனால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை.  ஆனாலும் வண்டியை மகள் இருக்கிற ஊருக்கே விட்டார்.

புது வீட்டை மகள் சொன்ன அடையாளங்களை வைத்துக் கண்டுபிடித்தபோது, வந்த லாரி திரும்பிப் போயிருந்தது. சாமான்கள் மாடியேறி முடிந்திருந்தன. சகலை படியிறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். "வாங்கண்ணே, வாங்க. எல்லாம் முடிஞ்சுது. நீங்க உக்காருங்க" என்று அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மாப்பிள்ளை ஸ்க்ரூ டிரைவரோடு கட்டிலின்மேல் குனிந்திருந்தான். நிமிர்ந்து வணக்கம் சொன்னான். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "டீ போடறேன் மாமா" என்றாள். எல்லோருக்கும் அந்த வீட்டில் ஒரு வேலை இருந்தது. பீரோ சுவரோரம் நின்றது. எழுந்து போய்த் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

கையெல்லாம் கிரீசும் துருவுமாக இருந்ததால் எதையும் தொடவும் கூச்சமாக இருந்தது. மகள் சோப்பு எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தேடிக் கிடைக்காமல், பாத்திரம் தேய்க்கிற பொடியைக் கொண்டுவந்தாள். அவர் தேய்க்க, அவள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

"சித்தப்பாதான் எதுக்கும் இருக்கட்டும்னாரு" என்றாள்.

"நல்லதுதான் பண்ணாரு."

தண்ணீர் நின்றது. "நானும் சரின்னுதான்ப்பா சொன்னேன்."

அவர் விரலிடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நீயும் நல்லதுதான் பண்ணே. ஊத்து."

டீ குடித்தார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். மகள் தெருவரைக்கும் வந்தாள். சரக்குத் தட்டை எட்டிப் பார்த்தாள். தேய்த்துக் கழுவிய தகரம், மடித்து அடுக்கிய போர்வைகள், பிரிக்காத கயிற்றுச் சுருள். ஒரு போர்வையை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தாள்.

"துவைச்சீங்களாப்பா?"

"அழுக்குப் போர்வை போட்டா பீரோவுல ஒட்டிக்கும்."

அவள் வேறு பக்கம் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த சப்பிய சக்கரத்தைக் காட்டி, "இப்ப ஸ்டெப்னி?" என்றாள்.

"இனிமே இதான் ஸ்டெப்னி. போற வழியில கடை பாத்துப் பஞ்சர் போட்டுக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை எவன் தொறந்து வச்சிருப்பான்? இருங்க, நானும் வர்றேன். எனக்கும் இந்த ஏரியா ஒண்ணும் தெரியல."

ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் அவசர அவசரமாகச் சீட்டில் கிடந்த துண்டை எடுத்தார். அவர் சொந்த வண்டி வாங்கிய பிறகு அவள் அதில் ஏறுவது இதுதான் முதல் தடவை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

தெருத் தெருவாகப் போனார்கள். மருந்துக்கடை திறந்திருந்தது. தையல்கடை சாத்தியிருந்தது. ஒரு பஞ்சர் கடையில் பழைய டயர்கள் மட்டும் காவலுக்கு நின்றன. "பால் எங்க கிடைக்கும்னு பாத்துக்கணும்" என்றாள். "அந்த முக்குல இருக்கு பாரு" என்றார். அவள் வேலை செய்கிற இடத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னாள். மேலாளர் இருமுகிற விதத்தைச் செய்து காட்டினாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். இவளுக்கு இப்படிச் செய்யத் தெரியும் என்பதே அவருக்குப் புதிது.

அடுத்த திருப்பத்தில் அவர் பக்கத்து ஜன்னலோரம் ஒரு பஞ்சர் கடை வந்தது. கதவு திறந்திருந்தது. கடைக்காரர் கம்ப்ரஸர்மேல் காலைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகள் அந்தப் பக்கம் ஏதோ பூங்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கியரைக்கூட மாற்றாமல் கடையைத் தாண்டிப் போனார்.

"இன்னும் கொஞ்சம் முன்னால போய்ப் பாக்கலாம்" என்றார்.

"பாக்கலாம்ப்பா."

பாலம்வரைக்கும் போனார்கள். அங்கே அவள் போன் அடித்தது. அடுப்புக்குக் குழாய் மாட்டுகிற ஆள் வந்திருக்கிறாராம், ரெகுலேட்டரை எந்தப் பெட்டியில் வைத்தாய் என்று மாப்பிள்ளை கேட்டான். "நீங்க தேடாதீங்க, எல்லாத்தையும் கலைச்சிருவீங்க. இதோ வந்துடறேன்" என்று வைத்தாள்.

அவர் வண்டியைத் திருப்பினார். வந்த வழியே வரும்போது அந்தக் கடை இப்போது அவள் பக்கம் இருந்தது.

"இதோ இருக்குப்பா கடை" என்றாள்.

"ஆமா" என்று சொல்லி, ஓரம் கட்டினார்.